ஏழாம் கிணற்று மணல்

அந்தத் தெருவில் காலை ஐந்தரை மணிக்குத் துடைப்பமும் கையுமாக நிற்கிற ஒரே ஆண்பிள்ளை கலவைக்காரன்தான். எண்ணெய்க் கிணறுகளில் மணலையும் தண்ணீரையும் கலந்து தள்ளுகிற வண்டியை ஓட்டுகிறவன் என்பதால் வேலையிடத்தில் அந்தப் பெயர். தெருவில் அவனுக்கு வேறு பெயர்: துடைப்ப மாப்பிள்ளை. "எங்க வீட்லயும்தான் ஒண்ணு இருக்கு, எட்டு மணிக்கு எழுந்து டீ எங்கேன்னு கேக்குது" என்று எதிர்வீட்டுத் தையல்காரி தன் புருஷன் காதில் விழும்படியே சொல்வாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்து கூட்டிவிட்டுத்தான் மறுபடி படுத்தான்.

யாரும் கவனிக்காத சங்கதி ஒன்று இதில் உண்டு. அவன் கூட்டுவது பின்னறையை மட்டும்தான். முன்னறையில் முழங்கால் உயரத்துக்குக் குப்பை கிடந்தாலும் தாண்டிக்கொண்டு போவான். பின்னறை அவனும் அவன் மனைவியும் படுக்கிற அறை. அந்த அறையின் சுவர் உதிரும். இரவெல்லாம் பொடிப்பொடியாக விழுந்து, காலையில் சுவரடியில் கோடு போட்டது போல மணல் கிடக்கும். மனைவி குளிக்கப் போகிற நேரம் பார்த்து அதைக் கூட்டி, முறத்தில் அள்ளி, குழாயடிப் பள்ளத்தில் கொட்டித் தண்ணீரும் ஊற்றிவிடுவான்.

சுவரைப் பூசியவர் அவனுடைய அப்பா. நாற்பது வருடம் சாந்துக் கரண்டி பிடித்த கொத்தனார். அதனால் சுவர் உதிர்வதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மருமகள் சுவரோரமாக நடக்கும்போது தோளில் பொடி விழுந்தால், மாமனார் பார்க்காத பக்கம் திரும்பித் தட்டிவிடுவாள். மருமகளும் அதே கம்பெனிதான். ஆனால் அலுவலகத்தில் வேலை. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு மணல் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவள். குழுவில் அவளை அளவுக்காரி என்பார்கள். அவள் சொல்லும் அளவைக் கிணற்றுக்குள் தள்ளுவது அவள் புருஷன் வேலை. "வீட்லயும் அப்படித்தானே" என்று பம்பு டிரைவர் கேலி செய்வார். கலவைக்காரன் மறுக்க மாட்டான்.

கொத்தனார் இப்போது வேலைக்குப் போவதில்லை. மூன்றரை வருடமாகச் சமையல்கட்டுதான். சாந்து குழைத்த கை மாவு குழைத்தது. அவர் போடும் ரொட்டி ஒன்றைப்போல ஒன்று இருக்கும். அடுக்கி வைத்தால் ஓரம் ஒரே கோட்டில் நிற்கும். தட்டில் வைப்பதற்கு முன் கண்ணைச் சுருக்கி ஒருமுறை பார்ப்பார். கோணலாகத் தெரிந்தால் அதைத் தானே தின்றுவிடுவார்.

அன்று பொழுது சாயும் நேரம். காற்று சூடாகப் புழுதி அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ரொட்டியும் பருப்பும் வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தார்கள். அளவுக்காரி சாப்பிடாமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

"என்னம்மா, உப்பு பத்தலையா?" என்றார் கொத்தனார்.

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு மாமா. ஆபீஸ்லதான் ஒண்ணும் வேகலை."

"ஏழாம் நம்பரா?"

"அவரேதான்."

ஏழாம் நம்பர் என்பது மேலாளர். ஐந்து வருடத்துக்கு முன் ஏழாம் கிணற்றுக்கு நூற்றிருபது டன் மணல் போடச் சொன்னவர் அவர். அதுவரை அந்தப் பக்கத்தில் யாரும் எண்பதைத் தாண்டியதில்லை. அந்தக் கிணறு மற்றதெல்லாவற்றையும் விட அதிகமாக எண்ணெய் கொடுத்தது. அந்தப் புகழில் நாற்காலிக்கு மேல் நாற்காலியாக ஏறினார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அவர் காதுக்கும் எட்டியது. அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

"பன்னெண்டாம் கிணறு எனக்குக் குடுத்திருக்காங்க மாமா. முழுசா என் பொறுப்புல வர்ற முதல் கிணறு. நான் எண்பது டன் போதும்ங்கிறேன். அவரு நூத்திருபதுங்கிறாரு."

"கூட மணல் போட்டா நல்லதுதானே?"

"ஒரு அளவு வரைக்கும் நல்லது. கீழ பாறை இருக்கில்ல, அதைத் தண்ணியால அழுத்தி வெடிக்க வைக்கிறோம். அழுத்தத்தை எடுத்தா வெடிப்பு மறுபடி மூடிக்கும். மூடாம இருக்கத்தான் மணல். கதவு சாத்திக்காம இருக்க நடுவுல கட்டை வைக்கிற மாதிரி. மணலுக்கு நடுவுல இருக்கிற சந்து வழியா எண்ணெய் வரும். வெடிப்பு நிறைஞ்சதுக்கப்புறமும் போட்டுக்கிட்டே இருந்தா, மணல் உள்ள போகாம வாசல்லயே அடைச்சுக்கும். போன மாசம் பதினொண்ணாம் கிணறு அடைச்சுக்கிச்சே, அதான். தொண்ணூத்தஞ்சு டன் போனதும் நின்னுடுச்சு. இன்னும் கழுவிக்கிட்டு இருக்காங்க."

"அதுக்கு அவரு என்ன சொல்றாரு?"

அளவுக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் வெங்காயத்தை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கலவை வண்டியில இருந்தவன் அவசரப்பட்டுட்டானாம். ஏழாம் கிணறு நூத்திருபதை வாங்கிக்கிச்சு, பதினொண்ணு மட்டும் ஏன் வாங்கலைன்னு கேக்குறாரு. நான் எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் ஏழாம் கிணத்தைத் தூக்கி முன்னாடி வைக்கிறாரு. மத்த பத்துக் கிணறும் எண்பதுக்கு மேல போனா லாபமில்லைன்னு சொல்லுது. ஏழு ஒண்ணு மட்டும் எங்கேயோ உசரத்துல நிக்குது. எனக்கும் அது ஏன்னு புரியலை. வியாழக்கிழமை முடிவு பண்ணணும்."

"பன்னெண்டும் அடைச்சுக்கிட்டா?"

"அப்போ இவரு வேலை போயிடும் மாமா. ரெண்டாவது தடவைன்னா விட மாட்டாங்க. நான் எழுதுன அளவுல இவரு வேலை போகும்."

கலவைக்காரன் தண்ணீரைக் குடித்தான். காலி டம்ளரை மறுபடியும் வாயில் வைத்தான். "நாளையிலேருந்து பதினொண்ணைக் கழுவுற வேலைக்கு என்னையும் போட்டிருக்காங்க. விடியிறதுக்கு முன்னாடியே வண்டி வந்துரும். நான் வந்து கூட்டிக்கிறேன், நீ பின்னறையைத் தொடாதே" என்று எழுந்துபோனான்.

எந்த மனைவியிடமாவது ஓர் அறையைத் தொடாதே என்று சொன்னால் அவள் தொடாமல் இருப்பாளா? அளவுக்காரி நல்லெண்ணத்தில்தான் தொட்டாள். பாவம், வேலை முடிந்து களைத்து வருகிற மனிதன், நாமே கூட்டிவிடுவோம் என்று மறுநாள் காலையில் துடைப்பத்தை எடுத்தாள். சுவரடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் குவித்தாள். முறத்தில் அள்ளும்போது கொஞ்சம் சிந்தியது. சிந்தியது சும்மா கிடக்கவில்லை, தரையில் உருண்டு ஓடியது.

குனிந்தவள் நிமிரவில்லை. கட்டுமான மணல் உருளாது. அதற்கு முனை உண்டு, விழுந்த இடத்தில் கிடக்கும். ஒரு பிடியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினாள். சிமெண்டுப் பொடி கலங்கிப் போனது. அடியில் தங்கியதைத் துணியில் கொட்டி உலர்த்தி, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். ஒரே அளவில், முனை மழுங்கிய, உருண்டையான மணிகள். தினமும் அலுவலகத்தில் பார்க்கிற அதே மணல். வெடிப்புக்குள் போனால் நடுவில் சந்து விட்டு நிற்க வேண்டும் என்பதற்காகப் பல சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்து, மூடின வண்டியில் தூரத்திலிருந்து வருகிற கிணற்று மணல்.

சமையல்கட்டில் கொத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் துணியோடு போய் நின்றாள்.

"மாமா, பின்னறைக்கு மணல் எங்கேருந்து வாங்குனீங்க?"

கத்தி நின்றது. அந்தச் சுவரைப் பற்றி இந்த வீட்டில் யாராவது கேட்டது அதுவே முதல் தடவை.

"நான் வாங்கலைம்மா. அவன்தான் கொண்டுவந்து இறக்குனான். அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு லோடு." வெங்காயத்தைத் தள்ளி வைத்தார். "ஏன், ரொம்ப விழுதா? நானே சொல்லணும்னு இருந்தேன். வேற ஆளை வச்சுப் பூசிடலாம். என் கலவையில அப்பவே என்னவோ விட்டுப்போச்சு. வயசாயிடுச்சு."

"அந்த வருஷம் வேற எங்கயாவது இதே மணல்ல பூசுனீங்களா?"

"ஏழாம் நம்பர் வீட்டு மதில். அவருக்கும் ஒரு லோடு போச்சு. அதான் ரெண்டாவது வருஷ மழைக்கே சரிஞ்சுதே. நம்ம தெருவுல வந்து நின்னு கேட்டாரே, நாப்பது வருஷ அனுபவத்துக்கு ஒரு சுவரு நிக்கலையான்னு. அன்னிக்கு வச்சேன் கரண்டியை." மறுபடி கத்தியை எடுத்தார். வெங்காயத்தைச் சாக்கிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அளவுக்காரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். இங்கே ஒரு லோடு, அங்கே ஒரு லோடு. பம்பு டிரைவர் வீட்டு மாடிப்படி உதிர்கிறது என்று அவர் மனைவி புலம்புவது நினைவுக்கு வந்தது. கம்பெனிப் பட்டறைக்குப் பின்னால் பள்ளத்தை மேடாக்கிய வெள்ளை மணல் மேட்டில் நாய்கள் படுத்திருப்பதும் நினைவுக்கு வந்தது. நாலு லோடு, பத்துப் பத்து டன். எல்லாம் ஐந்து வருடத்துக்கு முன். ஏழாம் கிணற்றுக்கு மணல் போட்ட வருடம். அன்று அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

மதியம் மூன்று மணிக்குக் கலவைக்காரன் வந்தான். உடம்பெல்லாம் சேறும் மணலுமாக இருந்தது. பதினொன்றாம் கிணற்றுக்குள் மெல்லிய குழாயை இறக்கி, தண்ணீர் பீய்ச்சி, அடைத்த மணலைக் கரைத்து மேலே கொண்டுவருகிற வேலை. குழாயில் வருகிற மணலைச் சல்லடையில் பிடித்து வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். வந்தவன் நேரே பின்னறைக்குப் போனான். தரை சுத்தமாக இருந்தது. திரும்பினால் வாசலில் மனைவி மணல் துணியோடு நின்றாள்.

"கூட்டிட்டியா?"

"கூட்டிட்டேன். கழுவியும் பார்த்துட்டேன்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். உடம்பிலிருந்த சேறு போர்வையில் படுமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"ஏழாம் கிணத்துக்கு எத்தனை டன் போச்சு?" என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவனும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பான். அவள் அலுவலகத்தில் கேட்பது போலக் கேட்டாள்.

"எழுபத்தெட்டு."

"காகிதத்துல நூத்திருபது இருக்கு."

"அன்னிக்கு மழை வந்துச்சு. எதிர்பார்க்காத மழை. மணல் தொட்டி மேல ரெண்டு மூடி இருக்கும், ஏறி நான்தான் மூடணும். மறந்துட்டேன். மணல் நனைஞ்சு கட்டிகட்டியா ஆயிடுச்சு. எழுபத்தெட்டு போனதுக்கு மேல ஒரு மணிகூட இறங்கலை. நின்னு போன மணலை என்ன பண்றது? ஏழாம் நம்பரு போன்ல கத்துறாரு, திட்டப்படி முடிச்சாச்சான்னு. அப்ப இருந்த குழுத் தலைவரு முடிச்சாச்சுன்னு சொல்லிட்டாரு. நான் மாட்டிக்கக் கூடாதுன்னுதான். நல்ல மனுஷன், அடுத்த வருஷமே வேலையை விட்டு ஊருக்குப் போயிட்டாரு. அப்புறம் தொட்டியைச் சுரண்டி நாலு லோடு ஏத்துனோம். கிணறு அப்படிக் குடுக்கும்னு யாருக்குத் தெரியும்? அது பாறையோட குணம். இவரு மணலோட குணம்னு எடுத்துக்கிட்டாரு."

"அப்போ இந்தப் பக்கத்துல ஒரு கிணறுகூட நூத்திருபதை வாங்கலை."

"ஒண்ணுகூட இல்லை. பதினொண்ணுதான் நெசமா நூத்திருபது போட நெனச்ச முதல் கிணறு. அடைச்சுக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா வாங்கும்னு அவரு சொன்ன ஆதாரம் பொய்னு தெரியும். தெரிஞ்சே வண்டியில உக்காந்தேன்."

"ராத்திரி பகலா உக்காந்து ஏழாம் கிணறு ஏன் அப்படின்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். நாலு மாசம். பக்கத்துல படுத்திருந்தீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா? உதிர்றதைக் கூட்டிக் கூட்டித் தள்ளிட்டு, ஊரெல்லாம் நல்ல புருஷன்னு பேர் வேற."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா அப்பாகிட்டயும் சொல்லணும். அதான்."

"என்கிட்ட என்ன சொல்லணும்?" என்றார் கொத்தனார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. கையில் மாவு ஒட்டியிருந்தது.

கலவைக்காரன் எழுந்து நின்றான். "அப்பா, உங்க கலவை தப்பில்லை. நான் கொண்டுவந்த மணல் தப்பு. அது கிணத்து மணல். உருண்டையா இருக்கும். உருண்டைக்கு சிமெண்டு பிடிக்காதாம். எனக்கு அப்ப தெரியாதுப்பா, சத்தியமா தெரியாது. எங்க வேலையில அதைவிட நல்ல மணலே கிடையாது. அதுல ஒரு முனை இருந்தாக்கூடத் திருப்பி அனுப்புவோம். அப்பாவுக்கு நல்லதா கொண்டு வரணும்னுதான் கொண்டுவந்தேன். மதிலு விழுந்தப்பதான் புரிஞ்சுது. அப்ப சொன்னா ஏழாம் கிணத்துக் கதையும் சேர்ந்து வெளிய வரும்."

கொத்தனார் கிட்டே வந்தார். மருமகள் கையிலிருந்த துணியை வாங்கினார். மணலைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துக் காதுக்குப் பக்கத்தில் தேய்த்தார்.

"சத்தம் இல்லை. நல்ல மணல் தேய்ச்சா கரகரன்னு பேசும். இது அன்னிக்கும் பேசலை. பிடியில நிக்காம ஓடுச்சு. இது சுவத்துக்கு ஆகுமாடான்னு உன்கிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

"கழுவிச் சலிச்ச மணல், வெளியில கிடைக்காதுன்னு சொன்னே. நாப்பது வருஷமா என் விரல் சொன்னதைத்தான் கேட்டேன். அன்னிக்கு ஒரு நாள் பையன் சொன்னதைக் கேட்டேன்." மணலைத் துணியில் திரும்பக் கொட்டினார். "மூணரை வருஷமா என் கை போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்டா. மாவு பிசையறப்பகூட நெனச்சுக்குவேன்."

கலவைக்காரன் அழுதான். சேறு பூசின முகத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கொத்தனாருக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான் அது. வரவும் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவு ஒட்டிய அந்தக் கைகளைப் பார்க்க அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மருமகள் பார்த்தாள். மகன் பார்க்கவில்லை.

"போய்க் குளிடா. போர்வையெல்லாம் சேறு" என்றார்.

சாப்பிடும்போது அளவுக்காரி சொன்னாள். "நான் ஆபீஸ்ல சொல்ல மாட்டேன். எண்பதுக்கு வேற வழியில வாதாடிப் பார்க்கிறேன். இது நீங்க சொல்ல வேண்டிய விஷயம். சொன்னா உங்க வேலைக்கு ஆபத்துன்னு எனக்கும் தெரியும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நூத்திருபது எழுதச் சொல்வாரு. நான் எழுத மாட்டேன். வேற யாராவது எழுதுவாங்க. வண்டியில நீங்க உக்காந்திருப்பீங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு, "என்னைப் பார்க்காதே. நான் யார் சொன்னாலும் கேக்குற ஆளு இல்லை இனிமே" என்றார். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை கலவைக்காரன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மனைவியோடு அலுவலகத்துக்குப் போனான். மேலாளர் அறையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஏழாம் கிணற்றின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. படத்தில் ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. மழையில் எடுத்தது.

"நீ எதுக்குய்யா வந்தே?" என்றார் மேலாளர்.

"சார், உங்க வீட்டு மதில் ஏன் விழுந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

மேலாளர் எதிர்பார்த்திருக்கக்கூடிய எந்தப் பேச்சிலும் இது சேராது. "உட்காரு" என்றார். கலவைக்காரன் நின்றுகொண்டே சொன்னான். மூடி, மழை, எழுபத்தெட்டு, நாலு லோடு. எதையும் விடவில்லை. அளவுக்காரி ஒரு தாளில் சுவர் மணலையும் இன்னொரு தாளில் தொட்டி மணலையும் கொட்டி, பூதக்கண்ணாடியை நடுவில் வைத்தாள். மேலாளர் கண்ணாடியைத் தொடவில்லை. வெறும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்தெட்டு" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"பதினொண்ணு ஏன் வாங்கலைன்னு எல்லார் முன்னாடியும் உன்னை நான் எத்தனை தடவை திட்டுனேன்?"

"மூணு தடவை சார்."

"அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"திட்டு வாங்கினப்போ கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு சார். ஏழுக்கு வாங்க வேண்டிய திட்டுதானேன்னு."

மேலாளர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதுகுதான் தெரிந்தது. "நாப்பது டன் கூடப் போட்டேன்னுதான்யா எனக்கு இந்த நாற்காலி குடுத்தாங்க. அந்த நாப்பது டன்ல ஒரு லோடு என் மதில்லயே இருந்திருக்கு. எங்கேருந்து வருதுன்னு நானும் கேக்கலை. சும்மா வந்த மணல்." திரும்பினார். "உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். வாங்கிக்கணும். இனிமே மழையோ வெயிலோ, தொட்டி மூடி உன் பொறுப்பு. அந்தப் பழைய காகிதத்தை நானே திருத்தி மேல அனுப்புறேன். என்ன கேக்குறாங்களோ கேக்கட்டும்." பிறகு அளவுக்காரியைப் பார்த்தார். "எண்பதும்மா. எழுதுங்க."

"சரிங்க சார்."

"அந்தக் கொத்தனாரு, உங்க மாமனாருதானே? வீட்ல இருப்பாரா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளரின் கார் அந்தத் தெருவுக்குள் வந்தது. தையல்காரி மிஷினை நிறுத்தினாள். கொத்தனார் வாசலுக்கு வந்தார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார் மேலாளர் மெதுவாக.

"காது கொஞ்சம் மந்தம் சார்."

கொத்தனாருக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து வீட்டில் ரொட்டி கருகினால் சத்தத்திலேயே சொல்வார். மேலாளருக்கும் புரிந்தது. "அன்னிக்குத் தெருவுல வச்சுக் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க. பதிலும் இங்கயே இருக்கட்டும்."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "கொத்தனார் மேல தப்பே இல்லை! மணல்தான் தப்பு! என் மதிலை அவரேதான் மறுபடி கட்டணும்!"

தெரு முழுக்கக் கேட்டது. கடைக்கோடி வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. கொத்தனார் அப்போதுதான் ஒதுங்கி வழிவிட்டார். "வாங்க சார். சூடா ரொட்டி இருக்கு. மணலை மட்டும் நானே பார்த்து வாங்குவேன்" என்றார்.

அடுத்த வாரம் பன்னிரண்டாம் கிணறு. காலையிலேயே வெயில் கொளுத்தியது. பம்பு வண்டிகள் வரிசையாக நின்று உறுமின. தரை அதிர்ந்தது. தண்ணீர் டிரம்மில் வைத்திருந்த டம்ளர் தானாக நகர்ந்துகொண்டே போனது. கலவைக்காரன் விடிந்ததும் தொட்டிமேல் ஏறி இரண்டு மூடியையும் பார்த்தான். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. இருந்தாலும் மறுபடி ஏறி இன்னொரு முறை பார்த்தான். பம்பு டிரைவர் கீழேயிருந்து, "உள்ள போய்ப் படுத்துக்கயேன்யா" என்றார்.

முதலில் வெறும் தண்ணீர். பாறை விட்டுக்கொடுத்தது. பிறகு மணல். கொஞ்சமாக, பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டி. அளவுக்காரி கூண்டு வண்டிக்குள் திரைமுன் உட்கார்ந்து அழுத்தத்தைப் பார்த்தபடி இருந்தாள். நாற்பது, ஐம்பது, அறுபது. எழுபத்தெட்டு வந்தபோது காதில் மாட்டியிருந்த கருவியில் புருஷன் குரல் கேட்டது.

"எழுபத்தெட்டு தாண்டிட்டேன்மா. ஏழு இங்கதான் நின்னுச்சு."

"பயப்படாம வாங்க. வழி இருக்கு."

எழுபத்தொன்பது. அழுத்தம் லேசாக ஏறியது. அவள் திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். ஏறினது அங்கேயே நின்றது. எண்பது. மணலை நிறுத்தச் சொன்னாள். குழாயில் இருந்ததைத் தண்ணீர் கீழே தள்ளி முடித்தது. பம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சத்தம் நின்றதும் எல்லோருக்கும் காது அடைத்தது போல இருந்தது. பக்கத்தில் நின்ற மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தொட்டியில எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார். கலவைக்காரன் ஏறி, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "ஒரு முறம் தேறும் சார்" என்றான். அதையும் எழுதச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து எண்ணெய்க் கணக்கைப் பார்த்தபோது பன்னிரண்டு, ஏழுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மற்ற எல்லாவற்றுக்கும் மேலே.

அதற்குள் மேலாளர் வீட்டு மதில் எழும்பிவிட்டது. கொத்தனார் பின்னறையையும் பழைய பூச்சைச் செதுக்கித் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூசினார். மணலை ஒவ்வொரு சட்டியாகக் காதில் வைத்துக் கேட்டார். பூச்சு இறுகப் பதினோரு நாள் தண்ணீர் தெளித்தார். வெள்ளையடித்து, கட்டிலைத் திரும்பப் போட்ட மறுநாள் காலை, மகனுக்கு முன்னால் எழுந்து வந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சுவரில் முதுகை முழுசாகச் சாய்த்து நின்றார். டீயைக் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

ஐந்தரைக்குக் கலவைக்காரன் துடைப்பத்தோடு வந்தான். பழக்கம். சுவரடியில் கோடு இல்லை. ஒரு மணிகூட இல்லை. அப்பா சுவரை விட்டு விலகி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவை அழுத்தித் தேய்த்து, கையை விரித்து மகன் முகத்துக்கு நேரே காட்டினார். கை சுத்தமாக இருந்தது.

"போடா, வேலையைப் பாரு. இங்க கூட்ட ஒண்ணுமில்லை."

கலவைக்காரன் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்க்கப் போனான். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த அளவுக்காரி வாசலை மறித்தாள்.

"அதை ஏன் வைக்கிறீங்க? முன்னறை இருக்குல்ல."

எதிர்வீட்டில் மிஷின் ஓடத் தொடங்கியது. கலவைக்காரன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான்.